மூடியைக் கழற்றும் உரிமை

ஒரு மின்னணுச் சாதனத்தை, அதைத் தயாரித்தவர் எண்ணிய வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால், மூடியைத் திறக்கவிடாத ஒட்டுப்பசை, கடையில் கிடைக்காத திருப்புளியைக் கேட்கும் திருகாணி, வேறு உதிரிபாகத்தை ஏற்க மறுக்கும் மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து, சட்டம் சொல்லாத அந்தக் கட்டுப்பாட்டை நடைமுறையில் கொண்டுவந்துவிட்டன. இதைப் பெருநகரத்து நுகர்வோரின் குறை என்று மட்டும் பார்ப்பது போதாது. திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை போன்ற ஊர்களில், ஒரு பொருளைப் பிரித்து, அதன் ஒரு பாகத்தை வேறொரு வேலைக்குத் திருப்பிவிடும் திறமை பண்ணையத்தோடும் சிறுதொழிலோடும் கலந்து கிடக்கிறது. அந்தத் திறமைக்கு வழி அடைபட்டால் நட்டப்படுபவர் கடைக்காரர் மட்டுமல்லர், தோட்டக்காரரும்தான்.

உடுமலைப்பேட்டை அடங்கிய கொங்குப் பகுதியின் தொழில் வரலாற்றில் கழற்றிப் பார்ப்பதற்குத் தனி இடம் உண்டு. கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, தம் ஊர்ப்பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அத்தகைய வண்டியை வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றியும் பூட்டியும்தான் இயந்திரத் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1920-இல் அவர் தொடங்கிய பேருந்துப் போக்குவரத்தின் முதல் தடம் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையிலானது. அந்தச் சாலையின் நடுவழி ஊர்தான் உடுமலை என்று சுருக்கி அழைக்கப்படும் உடுமலைப்பேட்டை. உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ‘ரேசன்ட்’ சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவருடைய பட்டியல் நீண்டது. 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வால்வு என்பது, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் சூடான இழையிலிருந்து எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, மெலிந்த மின்சமிக்ஞையைப் பெருக்கித் தரும் பாகம். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவின் உயிர் அதில்தான் இருந்தது. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாக இருந்த அவரே, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டு, அரசு அதை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். படிப்பின் ஆண்டுகளைப் பற்றி அவர் சொன்னது சரியா என்பது வேறு விஷயம். கையில் கருவியை எடுத்துப் பிரிக்காமல் படிப்பு முடியாது என்ற அவருடைய எண்ணம் இந்த மண்ணில் ஊறிப்போயிற்று.

அந்தக் காலத்து ரேடியோ, பிரிப்பதற்கு இடம் கொடுத்த பொருள். பல வால்வு ரேடியோக்களின் மரப்பெட்டிக்குள்ளோ பின்மூடியின் உட்புறத்திலோ சர்க்யூட் வரைபடம், அதாவது எந்தப் பாகம் எதனோடு எந்த மதிப்பில் இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் படம், ஒட்டப்பட்டிருந்தது. அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்த ரேடியோ மட்டுமன்றி, அதே வகையைச் சேர்ந்த எல்லா ரேடியோக்களும் புரிந்துவிடும். அதிலிருந்து டேப்ரிக்கார்டர், அதிலிருந்து திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும் ஆம்ப்ளிபயர், அதிலிருந்து பட்டறையில் கோத்தெடுத்த கறுப்பு வெள்ளை டிவி என்று தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் மெக்கானிக்குகள் படிப்படியாக ஏறி வந்தார்கள். சான்யோ நிறுவனத்தின் 4440 என்ற ஒற்றைச் சில்லை நடுவில் வைத்துச் செய்த ஆம்ப்ளிபயர் பலகை ஆட்டோக்களிலும் மினிபஸ்களிலும் டீக்கடைகளிலும் பாடிய காலத்தில், கடையில் யாரும் நிறுவனத்தின் பெயரைச் சொன்னதில்லை. ‘ஒரு 4440 போர்டு’ என்று கேட்டால் போதும். அந்தப் பலகையை வாங்கியவர் எந்த டிரான்ஸ்பார்மரோடு சேர்த்தார், எந்தப் பெட்டியில் அடைத்தார் என்பதில் தயாரிப்பாளர் தலையிடவில்லை.

இந்தத் தொடர்ச்சியின் முழுப் பயன் தெரிந்த இடம் கிணற்றுமேடு. உடுமலை, மடத்துக்குளம், குடிமங்கலம் வட்டாரங்களில் தென்னந்தோப்பின் கிணறோ ஆழ்துளைக் கிணறோ சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, எட்டி இருப்பது இயல்பு. மும்முனை மின்சாரமோ நீண்ட காலமாகப் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறைவைத்தே கிடைத்து வந்தது. மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் ‘காயில்’ என்னும் கம்பிச்சுருள் காந்தமாகித் தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கும். பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் மட்டும் பிடியை விட்டுவிடும். அது பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். ஆனால், கரண்டு திரும்பி வந்ததும் யாராவது ஒருவர் அங்கே போய் மறுபடி அழுத்த வேண்டும் என்பதே அதன் பொருள். இரவு 2 மணிக்குக் கரண்டு வந்தால், பாம்பும் காட்டுப்பன்றியும் நடமாடும் வரப்பில் டார்ச்சோடு நடக்க வேண்டும்.

இதற்கு உள்ளூர்க் கைகள் கண்ட தீர்வு, ஒதுக்கிப் போட்ட பட்டன் செல்போன். அன்றைய நோக்கியா போன்களில் ஹெட்செட் செருகியிருந்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு வசதி இருந்தது: அழைப்பு வந்தால் போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்த ஹெட்செட்டின் காதுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை 8870 என்ற எண் கொண்ட சில்லுக்குக் கொடுத்தார்கள். அழைத்தவர் தம் போனில் ஓர் எண்ணை அழுத்தும்போது இரண்டு அதிர்வெண்கள் கலந்த ஒலி எழுகிறது. 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்சும் 1209 ஹெர்ட்சும் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டு, அழுத்தப்பட்ட எண் எது என்று பிரித்துச் சொல்வதே அந்தச் சில்லின் வேலை. அது சொன்னதை ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி ரிலேயை இயக்கும். ரிலே என்பது, சிறு மின்னோட்டத்தால் காந்தமாகும் சுருள் ஒன்று, பெரிய மின்னோட்டம் போகும் தொடுமுனைகளைச் சேர்க்கவோ பிரிக்கவோ செய்யும் ஸ்விட்ச். ஒரு ரிலேயைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், மற்றொன்றைச் சிவப்புப் பொத்தானுக்குத் தொடராகவும் கோத்துவிட்டால், பொள்ளாச்சிச் சந்தையில் நின்றுகொண்டே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். ஹெட்செட்டின் மைக்கை மட்டும் வெட்டாமல் ஸ்டார்ட்டருக்கு அருகில் தொங்கவிட்டால், காயில் இழுக்கும் ‘டப்’ என்ற சத்தமும் அதைத் தொடரும் இரைச்சலும் மறுமுனையில் கேட்கும். மோட்டார் ஓடுகிறதா என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பாகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. போன் பேசுவதற்கும், சில்லு தொலைபேசி நிலையத்துக்கும், ரிலே வேறு எதற்கோவும் செய்யப்பட்டவை. புதியது அவற்றைக் கோத்த அறிவு மட்டுமே. இதே வேலையைச் செய்யும் கருவிகளைப் பின்னர் நிறுவனங்கள் தயாரித்து விற்கத் தொடங்கின. சிம் பொருத்தும் பலகை, மிஸ்டு கால் கொடுத்தாலே ஓடும் ஏற்பாடு, கிணற்றில் தண்ணீர் வற்றினால் மின்னோட்டம் குறைவதை அறிந்து மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு எல்லாம் அவற்றில் சேர்ந்தன. இன்று தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை, கைப்பேசியால் இயங்கும் பம்ப்செட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மானியம் தருகிறது. ஒரு காலத்தில் ‘கோக்குமாக்கு வேலை’ என்று சிரிக்கப்பட்டது அரசுத் திட்டத்தின் பெயர்ப்பட்டியலில் ஏறியிருக்கிறது. அந்தக் கோக்குமாக்கைச் செய்தவர்களுக்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

உடுமலையின் தளி ரோட்டிலும் பழனி ரோட்டிலும் இன்று ரிப்பேர் கடைக்கு வரும் பொருள்கள் வேறு, தேவைப்படும் அறிவும் வேறு. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது முதல் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. வெளிச்சந்தையில் விற்றவை இதில் சேரா. இந்தப் பல்புக்குள் ஓர் அலுமினியத் தட்டின் மேல் சிறு எல்.இ.டி.கள் பெரும்பாலும் தொடர் இணைப்பில் இருக்கும். ஒன்று கருகினால் மற்றவை நலமாக இருந்தும் பல்பு முழுவதும் இருண்டுவிடும். கருகியதன் நடுவில் மிளகின் கால்பங்கு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதைச் சுரண்டி எடுத்து அந்த இடத்தை ஈயப்பற்றால் இணைத்துவிட்டால் பல்பு மறுபடி எரியும். நிலையான மின்னோட்டம் தரும் டிரைவர் பலகை என்றால் ஒன்றிரண்டு எல்.இ.டி. குறைவதைத் தாங்கிக்கொள்ளும். சில ரூபாய் வேலை. ஆனால், மூடியைப் பசை வைத்து ஒட்டிய பல்பில் அந்த மூடியை உடையாமல் கழற்றுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது.

லேப்டாப் பேட்டரி இன்னும் நல்ல உதாரணம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் 18650 என்று அழைக்கப்படும் லித்தியம் செல்கள் ஆறு அதற்குள் இருந்தால், பேட்டரி ‘செத்துவிட்டது’ என்று தூக்கிப் போடும்போது உண்மையில் பழுதானவை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக மின்னழுத்தம் பார்த்து, முழுக்க மின்னேற்றி, சில நாள் வைத்துத் தாங்குகிறதா என்று சோதித்து எடுத்தால், டார்ச்சுக்கும் எமர்ஜென்சி விளக்குக்கும் பல ஆண்டு உழைக்கும். உலகம் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மறுசுழற்சி என்பது பொருளை உருக்கியோ பொடித்தோ உலோகத்தை மீட்பது. உயிருள்ள செல்லை உருக்குவதைவிட அதை இன்னொரு பெட்டியில் வைத்து ஓட்டுவது மேல் என்பதற்கு ஆய்வறிக்கை தேவைப்படாது.

மாற்றிப் பயன்படுத்தும் அறிவு ஒரு சமூகத்தையே தாங்கிய காலமும் தமிழர் வரலாற்றில் உண்டு. 1990-களில் போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் மின்விநியோகம் அற்றுப்போயிருந்தது. டார்ச் பேட்டரிகள்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து கிடைத்த மின்சாரத்தில் ரேடியோவை ஓட்டிச் செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட் அளவிலான மாறுதிசை மின்சாரம். ரேடியோவுக்கு வேண்டியதோ நேர்திசை மின்சாரம். ஆகவே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளையும், ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கப்பாசிட்டரையும் பழைய சாதனங்களிலிருந்து பிரித்தெடுத்து நடுவில் வைக்க வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள்களைச் சில சொட்டுப் பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியதும் அதே காலத்தில்தான். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும் என்ற அந்த ஏற்பாட்டைச் சாதனை என்று கொண்டாடுவது, அதைச் செய்ய நேர்ந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. எனினும், பிரித்தெடுக்கக்கூடிய பழைய ரேடியோக்கள் ஊரில் இருந்ததால்தான் அது நடந்தது. எல்லாப் பாகங்களும் ஒரே சில்லுக்குள் அடைக்கப்பட்டு, அதன் மேல் கறுப்புப் பசை ஊற்றப்பட்ட இன்றைய பலகையிலிருந்து ஒரு டயோடைக் கழற்ற முடியாது.

கை வைக்கும் உரிமைக்காகப் பேசுபவர்கள் அதன் கெடுதலை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை இல்லாத நேரத்தில், கப்பாசிட்டர்களை வைத்து இரண்டு முனையிலேயே மோட்டாரை ஓட்டும் வழக்கம் தமிழ்நாட்டின் கிராமங்களில் நெடுநாள் இருந்தது. அதனால் மோட்டார் சூடேறி வைண்டிங் எரிந்ததோடு, டிரான்ஸ்பார்மரும் பாதிக்கப்பட்டு, அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் நாள்கணக்கில் இருண்டன. மேலே சொன்ன செல்போன் ஸ்டார்ட்டரிலும் ஓர் ஆபத்து உண்டு: பல ஸ்டார்ட்டர்களின் காயில் இரண்டு முனைகளுக்கு இடையிலான 415 வோல்ட்டில் வேலை செய்வது, கடையில் எளிதாகக் கிடைக்கும் சிறு ரிலேயோ 250 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்ற உறுதியில்லாதது. இந்த வேறுபாடு தெரியாத கை அதைக் கோத்தால் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த எண்ணை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

வேலி விஷயத்தில் அறியாமையின் விலை உயிர். சோலார் வேலிக்கென்று செய்யப்பட்ட எனர்ஜைசர் கருவி, ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, நொடியின் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்துகிறது. விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. அதை வாங்காமல் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நேராகக் கம்பியில் ஏற்றினால் பிடி விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் இப்படித்தான் ஒரே இடத்தில் இறந்தன. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிக் கிடக்கும் உடுமலைத் தோட்டங்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. இந்தத் தவறுகளுக்கு மூடியைப் பூட்டுவது மருந்தா என்பதே கேள்வி. கம்பியில் மின்சாரத்தை ஏற்றியவருக்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை. எனர்ஜைசர் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர் அந்தக் காரியத்தைச் செய்யவும் மாட்டார்.

சட்டத்தின் பக்கம் அசைவு இல்லாமல் இல்லை. கார் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சில நிறுவனங்களுக்குத் தொகை குறைந்தாலும், வெளி மெக்கானிக்குக்கும் சந்தையில் உரிமை உண்டு என்ற கொள்கை பதிவாயிற்று. மின்னணுப் பொருள்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலையும் திறந்தது. அதில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி நிறுவனங்களின் சேவை மையத் தொடர்புகளும் பயன்பாட்டுக் கையேடுகளுமே. ஒரு மெக்கானிக் தேடும் சர்க்யூட் வரைபடம் அன்று. பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் தரும் முறையை, பிரான்ஸ் 2021-இல் தொடங்கியதைப் போல, இந்தியாவிலும் கொண்டுவர 2025-இல் ஒரு குழு பரிந்துரைத்திருக்கிறது. உதிரிபாகத்தை மென்பொருளால் ஒரு குறிப்பிட்ட போனோடு கட்டிப்போடும் வழக்கத்தை அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றித் தடுத்தது. அத்தகைய தடை இங்கே இன்னும் பேச்சளவில்கூட வலுவாக எழவில்லை.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழைய பொருளைச் சீர்படுத்தி விற்பவர்களை ஒரு வகையாகப் பிரித்துப் பதிவுசெய்யச் சொல்கின்றன. அவர்கள் ஆயுளை நீட்டிய பொருளுக்கு ஏற்பத் தயாரிப்பாளரின் கழிவுப் பொறுப்பும் தள்ளிப்போகிறது. குறுந்தொழில்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதனால் உடுமலைக் கடைக்காரருக்குத் தொல்லை இல்லை. அவர் காப்பாற்றிய ஆயிரக்கணக்கான பலகைகளுக்கு யாருடைய கணக்கிலும் இடமும் இல்லை.

இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒரு குறை தெரிகிறது: பொருளை அதன் பழைய நிலைக்குத் திருப்புவதை மட்டுமே அவை உரிமையாக எண்ணுகின்றன. கெட்டுப்போன போனை மீண்டும் போனாக்கினால் அது பழுதுபார்த்தல்; அதையே மோட்டார் ஸ்டார்ட்டராக்கினால் அதற்குப் பெயரில்லை, மதிப்பெண்ணும் இல்லை. கொங்கு நாட்டின் அனுபவமோ இரண்டாவது வகையில்தான் பெரும்பயன் விளைந்தது என்று காட்டுகிறது. ஆகவே, உதிரிபாகம் கிடைக்கச் செய்வதோடு, விற்பனையை நிறுத்திய மாடல்களின் சர்க்யூட் வரைபடத்தையும் பலகையின் இணைப்பு விவரங்களையும் வெளியிட வேண்டும் என்ற கடமையைத் தயாரிப்பாளர்மேல் சுமத்துவதே பொருத்தமானது. விற்பனை முடிந்த மாடலில் வணிக இரகசியம் என்று காக்க மிஞ்சியிருப்பது சொற்பம். தாலுகா அளவிலான ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு அந்த வரைபடங்களே பாடமாகலாம்; 415 வோல்ட்டுக்கு எந்த ரிலே, லித்தியம் செல்லில் எதை மின்னேற்றக் கூடாது என்பவையும் அங்கேயே கற்பிக்கப்படலாம்.

இதில் காத்திருப்பதற்கு நேரம் குறைவு. தோப்புகளில் ஓடும் பழைய செல்போன் ஸ்டார்ட்டர்களும் கடையில் வாங்கிய கருவிகளில் பலவும் 2ஜி அலைவரிசையை நம்பியவை. இந்தியாவின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனமான ஜியோ 2ஜி சேவையைத் தொடங்கவே இல்லை. மற்ற நிறுவனங்களும் ஒருநாள் அதை நிறுத்தும்போது, மோட்டாரும் ஸ்டார்ட்டரும் ரிலேயும் பழுதில்லாமல் இருக்க, சிம் பொருத்திய அந்தச் சிறு பகுதி மட்டும் ஊமையாகும். கருவியின் இணைப்பு விவரம் வெளியில் இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் 4ஜி பலகையாக மாற்றுவது உடுமலைப் பட்டறை ஒன்றுக்கு அரைநாள் வேலை. இல்லையென்றால் மானியத்தில் வாங்கிய பெட்டியை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.